இரண்டு பூதங்களின் ஏரி

"யாருக்காவது நஷ்டமா? சொல்லுங்கப்பா!" ஹாக்கோன் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

வகுப்பில் எல்லோரும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகாத பொருளாதார ஆசிரியர். கோடு, சூத்திரம் என்று அறுக்காமல் கதையாகவே பாடம் நடத்துவாராம். கதையும் சொந்தக் கற்பனையாம்.

ஓர் ஏரி. அதில் மீன் பிடிக்கும் உரிமை இரண்டு பூதங்களுக்கு மட்டும். கிழக்குக் கரைப் பூதத்துக்குப் படகேறி அலுத்துவிட்டது. தன் உரிமையை மேற்குக் கரைப் பூதத்துக்கு நல்ல விலைக்கு விற்கிறது. விற்ற பூதத்துக்கும் லாபம், வாங்கிய பூதத்துக்கும் லாபம்.

இவ்வளவுதான் கதை. இதற்குப் பூதக்குரலில் உறுமல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊர்ப் படகின் மீன்பிடி உரிமை போன மாதம்தான் தெற்கே ஒரு நிறுவனத்துக்கு விலைபோனது. மீன் வரத்து நின்றதும் ஆலையைப் பூட்டிவிட்டார்கள். அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த சோல்வியின் அம்மா இப்போது வேறு ஊரில் வேலை தேடுகிறார். கிடைத்துவிட்டால் சோல்வியும் போய்விடுவான்.

ஐந்து வயதிலிருந்து எனக்குப் பக்கத்து நாற்காலி அவன். ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை.

இந்த மனிதரின் ஏரிக்கரையில் மீன் வெட்டுகிறவர்களே கிடையாது. யார் போய் இவரிடம் சொல்வது?

"வெறும் கதைதானே! இதுக்குக்கூடவா பதில் இல்ல?" ஹாக்கோனின் முகம் சிவந்துவிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு விரலை என் பக்கம் நீட்டினார். "டாக்ரூன், நீ சொல்லு."

எல்லோரும் சட்டென்று குனிந்துகொண்டார்கள்.

"யாருக்கும் நஷ்டமில்ல, ஹாக்கோன்," என்றான் சோல்வி. "அடுத்த பாடத்துக்குப் போங்க."

"அப்பாடா! ஒருத்தனுக்காவது புரிஞ்சுதே!" என்று ஹாக்கோன் அதைப் பலகையில் பெரிதாக எழுதினார்.

சோல்வி என் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு எத்தனையோ கெட்ட வார்த்தை தெரியும். அதில் ஒன்றை என்மேல் வீசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஹாக்கோனைச் சொல்லியும் குற்றமில்லை. என் பெயரோடு ஒட்டியிருப்பது அப்பாவின் பெயர்; ஊருக்குப் புதியவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

படகின் உரிமையை விற்றது என் அம்மா.