முன்கயிறு

அப்பாவின் பாய்மரப் படகை டோங்கா தனியாக விஸ் தீவுவரை ஓட்டி வந்தால் படகு அவளுக்கு. இல்லையேல் அண்ணன் ஃப்ரானேவுக்கு என்று இருவருக்கும் பந்தயம். படகைக் கரையோடு பிணைக்கும் முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் ஒரே ஆள் கட்டிக் கரைசேர முடியாது என்பது அவன் கணக்கு.

வழியில் சின்னச் சின்னத் துறைமுகங்கள். ஒவ்வொன்றிலும் டோங்கா பின்கயிற்றைக் கட்டிவிட்டு முன்னால் ஓடினால், முன்கயிறு ஏற்கெனவே கட்டியிருக்கும். அங்கே ஓர் உலர்ந்த அத்திப்பழம் வைப்பாள். காலையில் காம்பு மட்டும் கிடக்கும்.

விஸ்ஸில் ஊரே கரையில் நின்றது.

"சுவத்துல இடிக்கப்போறா, பாருங்க!" என்றான் ஃப்ரானே.

படகு ஒரு கீறலில்லாமல் நின்றது; அவள் பின்கயிற்றைக் கட்டி நிமிரும்போதே முன்கயிறும் கட்டியிருந்தது. அவன் ஏறி மூலைமுடுக்கெல்லாம் தேடினான்.

"முன்கயித்தை யாருடி கட்டினது?"

"நீதானே தேடின? எத்தனை பேரு இருக்காங்க?"

"நீ ஒருத்திதான்."

"அப்போ படகுப் பத்திரத்தைக் குடுண்ணே."

ஊர் கைதட்டியது. டோங்கா அத்திப்பழப் பொட்டலத்தை முழுசாகவே படகின் முனையில் வைத்தாள். ஊர் ஓய்ந்த பிறகும், அந்த முனையில் மட்டும் ஈரக் கைகள் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.