பீலி டாக்டர்

களக், களக், களக்.

டிஸ்பென்சரித் திரைக்குப் பின்னால் போத்தலுக்குள் தண்ணீர் இறங்கும் அந்தச் சத்தம் எத்தனையோ காலம் கழித்தும் றீட்டாவின் காதில் இருந்தது. கல்யாணமாகி அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில், அதைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு கூசும்.

தோட்டத்து மருந்துக்காரர் மரியநாயகம் அவள் புருஷன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பீலி டாக்டர்'.

"பீலியில தண்ணி நின்னுபோனா ஐயாகிட்டப் போய்ப் புடிச்சுக்கலாம்டி!" என்று மலைத் தண்ணீர் கொட்டும் அந்தக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அன்று கைக்குழந்தைக்காரி கருப்பம்மா குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தாள். மரியநாயகம் முப்பது கிரெயின் கொயினா நிறுத்தார். அது கரைவதற்குச் சில சொட்டுத் திராவகம் விட்டார். பிறகு களக், களக். இருப்பதிலேயே பெரிய போத்தல் கழுத்து வரை நிரம்பியது.

அவள் போனதும் றீட்டாவுக்குப் பொறுக்கவில்லை. பதுளைக் கான்வென்டில் படித்தவள்.

"என்னங்க இது அநியாயம்? அறுபது கிரெயின் ஒரு டிராம். நீங்க போட்டது அரை டிராம். அதுக்கு மூணு அவுன்ஸ் தண்ணி போதும். வேளைக்கு ஒரு அவுன்ஸ் குடிச்சா பத்து கிரெயின் உள்ள போகும். பதினாறு அவுன்ஸ் ஊத்துனா ரெண்டு கிரெயின்கூடப் போகாதே!"

"கணக்கு சரிதான். வாய்ப்பாடு மறக்காத பொண்டாட்டி எனக்கு."

"சிரிக்காதீங்க. அவ செத்துப்போனா?"

அவர் சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வாசலில் கங்காணி வீரய்யா நிற்பதைப் பார்த்துவிட்டுப் புனலைக் கழுவப் போனார்.

விடியற்காலையில், அவர் எழுவதற்குள், றீட்டா தானே மருந்தை நிறுத்து மூன்று அவுன்ஸில் கரைத்து எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினாள்.

"கருப்பம்மா, அந்தத் தண்ணியக் கீழ ஊத்து. இதுதான் மருந்து."

காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு முழங்கியது. கருப்பம்மா பெரிய போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அம்மா, ஊத்திறாதீங்க! அந்தச் சின்னத மடியில மறைங்க. கங்காணி வர்றாரு!"

வீரய்யா கம்போடு வாசலில் நின்றார். "என்னடி, பெரட்டுக்குக் கெளம்பலையா?"

அவள் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் கழுத்து வரைக்கும் இருக்கே! மருந்து முடியாம ஆள வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு தொரை உத்தரவு வேற. படுத்துத் தொல."

கம்புச் சத்தம் அடுத்த வாசலுக்குப் போனது.

"சின்னப் போத்தல்னா நாளைக்கே மலையேறணும் அம்மா," என்றாள் கருப்பம்மா மெல்ல. "முந்தி இருந்தவரு சின்னதுதான் குடுப்பாரு. எங்கக்கா காய்ச்சலோட போயி, கொழுந்துக் கூடையோடயே விழுந்துட்டா."

றீட்டா மடியிலிருந்ததை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இதக் குடி. பெரியத வாசல்ல, அந்தாளு கண்ணுல படுற மாதிரி வை."

அன்று முதல் காய்ச்சலோடு வந்த எல்லோருக்கும் இரண்டு போத்தல். சின்னதை மரியநாயகம் கலப்பார். பெரியதற்குப் பீலியில் தண்ணீர் பிடித்து வந்தவள் றீட்டா.

கருப்பம்மா பேரன் பேத்தி பார்த்து, பல்லெல்லாம் போன பிறகுதான் செத்தாள்.