விற்ற சீழ்க்கை

நாயை விற்றால் அதை ஏவும் சீழ்க்கையையும் சேர்த்து விற்றுவிட வேண்டும் என்பது ஆட்டுக்கிடை போடும் எங்கள் கிடைக்காரர்களின் வழக்கம். விற்றவன் பிறகு அதை வாயில் எடுக்கக் கூடாது. ராக்கன் எனக்கு நாயைக் கொடுத்தபோது ஆளில்லாத பொட்டலுக்குக் கூட்டிப்போய், என் ஒருவனுக்குத்தான் அந்தச் சீழ்க்கையைச் சொல்லிக்கொடுத்தான். இன்று ஆடு மடக்கும் போட்டியில், நான் எவ்வளவு சீழ்க்கை அடித்தும் நாய் காதை விடைத்துக்கொண்டு அப்படியே நின்றது. அப்போது எங்கிருந்தோ இன்னொரு சீழ்க்கை வந்தது. முடிவில் ராக்கன் போடும் அதே சின்னச் சுழிப்பு. எத்தனை முயன்றும் எனக்கு வராத சுழிப்பு. நாய் பாய்ந்து ஆடுகளை வளைத்தது.

"வித்ததை வாயில எடுக்குறியாடா, திருட்டுப்பயலே!" என்று பக்கத்தில் நின்ற ராக்கனின் சட்டையைப் பிடித்தேன். அவன் வாய் நிறைய வெற்றிலை. பேச முடியாமல் கையை விரித்தான்.

சீழ்க்கை மறுபடியும் கேட்டது. திரும்பினேன். பட்டி வாசலில் என் மனைவி இருளாயி உதட்டைக் குவித்து நின்றாள். ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன.

"செயிச்சிட்டோம்ங்க!" என்று சிரித்தாள்.

சனம் கைதட்டியது. ராக்கன் மட்டும் வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தான்.