நாய்த்தீனி மூட்டை

"இந்த மூட்டையில என்னம்மா இருக்கு? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு."

கோயில் தலைவர் மோகனதாஸ் போட்ட அதட்டலில் கமிட்டிக் கூட்டம் கப்சிப் என்று அடங்கிவிட்டது. செயலாளர் குணாளன் தலையைக் குனிந்துகொண்டான். மலரைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவனே அவன்தான்.

மலருக்குச் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு நாய்த்தீனித் தொழிற்சாலையில் வேலை. உடைந்து தூளான தீனியை அங்கே வேலை செய்பவர்களே எடுத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டுவந்து, வைரவர் சந்நிதிக்குப் பின்னால் சுற்றுகிற நாய்களுக்குப் போடுவாள். "சாமியோட வாகனம் பட்டினி கிடந்தா, சாமி என்ன நடந்தா போவாரு?" என்று சிரிப்பாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. மோகனதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாக்கில் அச்சடித்திருந்ததைப் படித்தார் பாருங்கள், அதில் ஆரம்பித்தது வினை.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? சொல்லு."

"கோழித் தலை, கால், குடல். மீன் முள்ளு, நொய்யரிசி, சோளத் தவிடு. சாயமும் வாசனையும் போடுவாங்க. அப்புறம் எலும்பு மாவு."

"என்ன எலும்பு?"

ஆட்டெலும்பு என்று ஒரு பொய்யைச் சொல்லித் தொலையேன் தாயே என்று குணாளன் மனசுக்குள் கெஞ்சினான்.

"மாட்டெலும்புங்க ஐயா."

"அலமாக், மாடா!" என்று பின் வரிசையில் ஒரு குரல் பதறியது.

"கேட்டீங்களா?" மோகனதாஸ் எழுந்தேவிட்டார். "பசுவை மகாலட்சுமின்னு கும்பிடுற இடம்! இங்க மாட்டெலும்பைக் கொண்டாந்து சாமி முதுகுக்குப் பின்னால கொட்டியிருக்கா. இந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கழுவுறது?"

"நாய்ங்களுக்குத் தெரியுமாங்க ஐயா, கோழியா மாடான்னு? பசிக்குது, தின்னுதுங்க."

"நாய்க்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சேதானே செஞ்சே?"

மலர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கை பைக்குள் போனது. வெறுங்கையாகவே வெளியே வந்தது.

"இனிமே திருவிழாவுல உங்க வீட்டு உபயம் கிடையாது. அந்த நாளை வேற குடும்பத்துக்குக் குடுத்துடலாம்."

மலரின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்திலிருந்து நடக்கிற உபயம் அது. அவர் போன பிறகு, ஓவர்டைம் பார்த்து ஒண்டியாக நடத்துகிறாள். அன்றைக்கு ஒரு நாள் சாமி முன்னால் ஐயர் அர்ச்சனையில் அப்பா பேரைச் சொல்லக் கேட்க வேண்டும் என்றுதான் அந்தப் பெண் வருஷம் பூராவும் உழைக்கிறது.

"ஐயா, அந்த இடத்தை நானே கழுவி விட்டுடுறேன். இனிமே தீனி கொண்டாரல. உபயத்தை மட்டும் எடுத்துடாதீங்க. அப்பா பேரு நின்னுடும்."

"முடிஞ்சது முடிஞ்சதுதான். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

எல்லாக் கையும் எழுந்தது. குணாளன் கையும், பாவி, கூடவே எழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பின்பக்கம் போனபோது, மலர் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டெலும்புன்னு சொல்லியிருக்கலாம்லா!"

"சாமி இருக்கிற இடத்துல எப்படிண்ணே பொய் சொல்றது?"

கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து நீட்டினாள்.

"இதைத் தலைவர் ஐயாகிட்ட சேர்த்துடுங்கண்ணே. குடுக்கத்தான் எடுத்தாந்தேன். எங்க குடுக்கிறது, அதுக்குள்ள இவ்வளவு ஆயிடுச்சு."

குணாளன் பிரித்தான். மாட்டுக் கொம்பின் நுனியில் மாட்டுகிற பித்தளைக் குப்பி. மேலே எழுத்து வெட்டியிருந்தது: 'செல்லப்பாக்கியம் நினைவாக.'

செல்லப்பாக்கியம் மோகனதாஸின் தாயார். அந்த அம்மாள் காலமான வருஷம், அவர் கோயிலுக்குப் பசு தானம் கொடுத்து, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கொம்பில் மாட்டிய குப்பி. பால் வற்றியதும் அந்தப் பசுவை ஆயர் ஈத்தாமில் ஒரு பண்ணையில் விட்டிருப்பதாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

"இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"எலும்பு அரைக்கிற மெஷினுக்கு முன்னால நிக்கிறதுதான்ணே என் வேலை. இரும்பு, பித்தளை எது வந்தாலும் பொறுக்கி எடுத்துடணும். முந்தாநாள் லோரியில கொம்போட வந்துச்சு."

குணாளன் அந்தப் பேரை இன்னொரு தரம் படித்தான். அடப் பாவி மனுஷா! அடிமாட்டுக்குத் தள்ளிவிட்டு, பண்ணையாம் பண்ணை!

"இதை எடுத்து நடுக்கூட்டத்துல போட்டிருந்தா, உன் உபயத்தை எவனாவது தொட்டிருப்பானா? ஏன் புள்ள பேசாம நின்னே? வா உள்ள, இப்பவே கேட்போம்."

மலர் நகரவில்லை.

"அவரு பேரு இருந்திருந்தா போட்டிருப்பேன்ணே. இதுல அவங்க அம்மா பேரு இருக்கு. எங்கப்பா பேருதான் நின்னு போச்சு, அந்த அம்மா பேராச்சும் நல்லா இருக்கட்டும். பக்கத்துல யாரும் இல்லாதப்ப குடுங்க."