மூன்றாவது தும்மல்

அந்த முரட்டு ஆள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு தன் பக்கம் சாய்ந்தபோது, தையல்காரர் ஜன்னலோடு ஒட்டி நூல் அளவுக்கு ஒடுங்கிக்கொண்டார். பட்டப்பகல். பஸ்ஸில் பாதி இடம் காலி. இவர் மூன்று தடவை இடம் மாறியாயிற்று. மூன்று தடவையும் அவன் எழுந்து வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

சைக்கிள் ஹேண்டில்பார் அகலத்துக்கு மீசை. பேன்ட் பையில் நீளமாக, உருண்டையாக எதுவோ புடைத்துக்கொண்டு நின்றது. கத்திதான் என்று தையல்காரர் முடிவு கட்டினார். ஒரு நிறுத்தம் தாண்டுவதற்குள் அது அரிவாளாகவே வளர்ந்துவிட்டது.

உயிர் போனால்கூடப் பரவாயில்லை. மடியில் இருந்த வட்ட டப்பா போய்விடக் கூடாது. அதற்குள், நாலு சுற்று பனியன் துணிக்கு நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் குழிந்த கண்ணாடி ஒன்று இருந்தது. இவரையும் சேர்த்து, வானம் பார்க்கும் கிறுக்கு பிடித்த ஆறு பேர், ஆளுக்கு ஒரு வாரம் முறை வைத்து, பதினாலு மாதம் கையாலேயே தேய்த்த டெலஸ்கோப் கண்ணாடி. பக்கத்து ஊர்ப் பட்டறையில் அலுமினியப் பூச்சுப் போட்டு வாங்கி வருகிறார். ஒரு கீறல் விழுந்தால் பதினாலு மாதமும் பாழ்.

கிளம்பும்போதே கூட்டத்தின் தலைவி, பல் டாக்டரம்மா, போனில் கறாராகச் சொல்லியிருந்தார்.

"பஸ்ல யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காதீங்கண்ணே. தொறந்தா கண்ணாடி, பூச்சு, வியாழன்னு ஆரம்பிச்சு, எறங்கறதுக்குள்ள பஸ் பூரா சொல்லி முடிச்சிடுவீங்க."

தையல்காரர் வாயைத் தைத்துக்கொண்டார்.

"எங்கய்யா எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

சரியான சில்லறையை நீட்டி, ஐந்து விரலைக் காட்டினார். ஐந்தாவது நிறுத்தம்.

"பேசுனா டிக்கெட் வெல ஏறிடுமா?"

முரட்டு ஆள் காதைத் தீட்டிக்கொண்டு இவர் வாயையே பார்த்தான். பிறகு அவனும் பேசாமல், தையல்காரரைச் சுட்டிக்காட்டி ஒரு விரலை நீட்டினான்.

"இவரு எறங்கற எடமேவா? சரியாப் போச்சு. ரெண்டு பேருமே மௌன விரதமா?"

தையல்காரருக்கு முதுகுத்தண்டு ஐஸ்கட்டியாகி, அந்த ஐஸ்கட்டிக்கே வியர்த்தது. பிஸ்கட் மட்டும் பக்கத்தில் இருந்தால்! போன மாதம் மொட்டைமாடியில் பூனை குதித்து இவர் அலறியபோது, "நான் இருக்கேன்ணே" என்று தோளில் கை போட்டவன் பிஸ்கட்தான்.

மூன்று வருஷமாக, நிலா இல்லாத ராத்திரிகளில் டாக்டரம்மாவின் கிளினிக் மொட்டைமாடியில்தான் ஆறு பேரும் கூடுவார்கள். அங்கே விளக்குப் போடுவது கொலைக்குச் சமம். இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிட்டால் மறுபடி பழக அரை மணி நேரம் ஆகும். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சுகூடத் தரையைத்தான் பார்க்க வேண்டும். அதனால் அங்கே பேர் வைப்பதும் சத்தத்தை வைத்துத்தான். ஓயாமல் கொறிப்பவன் பிஸ்கட். பஞ்சுத் தூசியில் மூக்கைத் தொலைத்த தையல்காரர், தும்மல். ஆரம்பித்தால் சரியாக மூன்று போட்டுத்தான் நிற்பார்.

இப்போதுகூட மூக்கு நமநமத்தது. டப்பா குலுங்கிவிடுமே என்று மூக்கைத் திருகி அடக்கிக்கொண்டார்.

ஐந்தாவது நிறுத்தம் வந்ததும் குதித்து இறங்கி நடந்தார். பின்னால் செருப்புச் சத்தம். வேகமாக நடந்தார், அதுவும் வேகமாக வந்தது. ஓடினார். நாற்பத்தெட்டு வயசில், டப்பாவைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில் தெரு நாயே ஒதுங்கி வழிவிட்டது.

கிளினிக் பூட்டிக் கிடந்தது. சாயங்காலம்தான் திறப்பார்கள். மாடிப்படிக்கு அடியில் கும்மிருட்டு. பல் பார்க்கும் நாற்காலி ஒன்று உடைந்துபோனதை அங்கே போட்டு வைத்திருந்தார்கள். அதன் பின்னால் புகுந்து, டப்பாவின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டார்.

செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. நின்றது.

நாற்காலியின் பஞ்சு பிய்ந்து மூக்குக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு! இந்த மூக்குக்கு அது போதாதா?

"ஹச்!"

செருப்பு இவர் பக்கம் திரும்பியது.

"ஹச்!"

போச்சு. இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் பொத்தி, மூன்றாவதை உயிரைக் கொடுத்து அடக்கினார். கண் பிதுங்கியது. காது இரண்டும் விசில் அடித்தன.

இருட்டில் அந்த உருவம் குனிந்தது. பேன்ட் பைக்குள் கை போனது. நீளமான அது வெளியே வந்தது. தையல்காரர் மனைவி, மக்கள், பாதி தைத்த பதினோரு ஜாக்கெட் எல்லோரையும் மனசுக்குள் கூப்பிட்டு விடைபெற்றுக்கொண்டார்.

சர்ர்ரென்று காகிதம் கிழிந்தது.

மொறுக்.

பிறகு, மூன்று வருஷமாக முகம் தெரியாமல் காதுக்கு மட்டும் பழகிய குரல் வாய் நிறைய மென்றபடியே கேட்டது:

"மூணாவதையும் போட்டுடுங்கண்ணே, துணைக்குப் போ, பஸ்ல வாயத் தொறக்காதேன்னு டாக்டரம்மா என்னத்தான் அனுப்புனாங்க!"