மண் போட்ட இடம்

வழிகாட்டி சொல்லச் சொல்ல, புனித யாத்திரைக் குழுவில் வந்த ஆண்கள் விம்மிக்கொண்டிருந்தார்கள்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் அடங்கிய பெரியவர்களின் இடம் அது. இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று அவர் கை நீட்டிய பக்கமெல்லாம் ஒரே மாதிரி மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல். பெயரும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

டைல்ஸ் ஒட்டுகிறவன் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவன் தேடியது நேற்று மூடிய ஒரு கபரை.

அவன் அம்மாவுடையது.

நேற்று விடிகாலைத் தொழுகைக்கு எழுப்பப் போன அக்காதான் முதலில் பார்த்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை. மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றார்கள். செய்தி கேட்டு வந்தவர்களில் ஒருவர்கூட துக்கம் விசாரிக்கவில்லை. கல்யாண மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிப்பதுபோல ஆளாளுக்கு அவனைக் கட்டிப்பிடித்து, கொடுத்து வைத்த உயிர், இந்த மண் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். அழுதால் தப்பாக நினைப்பார்களோ என்று அவனும் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

பள்ளிவாசல் படியில் அம்மாவைக் கிடத்திய சந்தூக்கின் முன்பக்கத்தை அவன்தான் தோளில் வாங்கினான். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. நன்மையில் பங்கு கேட்டு முன்பின் தெரியாத கைகள் நீண்டன. தோள் மாறி, தோள் மாறி, அம்மா தலைகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே இன்னொரு சந்தூக்கு, அதற்குப் பின்னால் இன்னொன்று. அவன் ஓடினான். செருப்பு ஒன்று எங்கோ போனது.

போய்ச் சேர்ந்தபோது, வரிசையாக வெட்டி வைத்திருந்த குழிகளில் பாதி வேலை முடிந்திருந்தது. எது அம்மா என்று கேட்க, குழி மூடுகிறவர்களின் பாஷை தெரியாது. "அம்மா, அம்மா" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினான். ஒருவர் அவன் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு குழியோரம் நிறுத்தினார். பிடி மண் எடுத்துப் போட்டான்.

உள்ளே இருந்தது யார் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

பெண்களைக் கபருஸ்தான் கதவுக்குள் விடமாட்டார்கள். படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அம்மாவுக்கு ஊட்டியது அக்கா. மறுபடி நடக்கப் பழக்கி இதுவரைக்கும் கூட்டிவந்ததும் அக்கா. நேற்று கடைசியாகக் குளிப்பாட்டியதும் அவள்தான். அதற்கு மேல் அவளுக்கு விடுதி அறைதான் என்று ஆகிவிட்டது. அவன் திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலிலேயே நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீதானே தம்பி இறக்கி வெச்ச?"

"ஆமாக்கா."

வேறு என்ன சொல்வான்.

இன்று மதியம் குழு ஊரைவிட்டுக் கிளம்புகிறது. நூல் பிடிக்காமலே தரையில் கோணல் கண்டுபிடிக்கிற கண் அவனுக்கு. அந்தக் கண்ணுக்கு இங்கே எதுவும் பிடிபடவில்லை. நேற்று ஓரத்தில் இருந்த வரிசை எது என்றே தெரியாதபடி புது வரிசைகள் வந்திருந்தன. காவலர், நகரச் சொல்லிக் கையசைத்தார். இதுவாக இருக்கட்டும் என்று ஒரு கபரின் முன்னால் நின்று, ஸலாம் சொல்லி, துஆ கேட்டான். பாதியில் சந்தேகம் வந்து பக்கத்துக் கபருக்கும் சேர்த்துக் கேட்டான். வெளியே வந்ததும் அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள். இனி மாலையில்தான் திறப்பார்கள்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் விடுதிப் படி ஏறினான்.

பெண்கள் தங்கிய மேல்மாடி அறைக்கு அவன் அதுவரை போனதில்லை. மற்றவர்கள் பெட்டிகளோடு கீழே இறங்கிவிட்டார்கள். கதவு திறந்துகிடந்தது. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

பேச வாயெடுத்தவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

கீழே, மதிலுக்கு அந்தப் பக்கம், கபருஸ்தான் மொத்தமும் தெரிந்தது.

"சந்தூக்கு மேல என் பச்சைத் துப்பட்டாவைத்தான் போர்த்தி அனுப்பினேன்" என்றாள் அக்கா, திரும்பாமலே. "கூட்டத்துக்குள்ள நின்னா கண்ணுல படாது. இங்கேருந்து நல்லாத் தெரிஞ்சுது. நீ மண்ணு போட்டது வேற யாருக்கோ, தம்பி."

அவன் ஜன்னலை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"நேத்தே சொல்லியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரலை. பரவால்ல விடு. அந்தக் குழிக்கும் ஆள் யாரும் வரலை. நீயாவது போட்டியேன்னு நினைச்சுக்கிட்டேன்."

கீழே பஸ்காரன் ஹார்ன் அடித்தான்.

அக்கா கண்ணாடியில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். "அதோ, அங்கதான் அம்மா."

அவன் குனிந்து, அவள் தோளோடு தோளாக நின்று, அவள் கண் உயரத்திலிருந்து பார்த்தான். அந்த விரல் நுனிக்கு அடியில் ஒரு வரிசை முழுவதும் மறைந்து கிடந்தது.

"தெரியுதா?"

"தெரியுதுக்கா" என்றான்.