யார் மேலும் தப்பில்லாத ஒரு விபத்து

“கடைசியா ஒண்ணு கேக்கணும்” என்றார் தத்துவப் பேராசிரியை.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வகுப்பில் அதுவே பெயராகிவிட்டது.

வேலைக்குப் போகிறவர்களுக்கான முதுகலைப் படிப்பு அது. சனிக்கிழமைதோறும் சட்டம், தத்துவம், இலக்கியம் எல்லாம் கலந்து நடக்கும். இருபது பேர் சேர்ந்து, ஆய்வேடு வரை தாக்குப்பிடித்தவர்கள் ஏழு பேர்தான். அவர்களில் இவர்தான் மூத்தவர்.

இந்த வயதில் எதற்கு இந்தத் தலைவலி என்று உடன் படித்த நர்ஸ் ஒருமுறை கேட்டபோது, ஒரு கேள்வி இருக்கிறது, அது ஒரு பாடத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கேள்விதான் எண்பத்தாறு பக்க ஆய்வேடாக, வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த மூன்று பேராசிரியர்களின் மேஜைமேல் இருந்தது.

மழை நாள். பச்சை விளக்கு. அளவான வேகத்தில் வருகிறது ஒரு வேன். பள்ளி விட்டு வந்த பதினோரு வயதுப் பெண் தோழியைப் பார்த்துவிட்டுக் குறுக்கே ஓடுகிறாள். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. அவர்மேல் பிழை உண்டா?

சட்டம் என்ன சொல்கிறது என்று ஓர் அத்தியாயம் கேட்டது. தத்துவத்தையும் கதைகளையும் அடுத்த இரண்டு அத்தியாயங்கள் கேட்டன. பிழை இல்லை என்று முடித்திருந்தார்.

அந்த ஓட்டுநர் இப்போது வண்டியைத் தொடுவதே இல்லை, தெருவைக் கடக்கக்கூட யார் கையையாவது பிடித்துக்கொள்கிறார் என்ற பக்கத்தில் மட்டும் இலக்கியப் பேராசிரியர் நெடுநேரம் நின்றுவிட்டார்.

“இவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்கீங்க. எங்கேருந்து எடுத்தீங்கன்னு ஒரு குறிப்புகூட இல்லை.” பேராசிரியை குரலைத் தணித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. அந்த டிரைவர் நீங்கதானா?”

வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரருக்கும் அது தெரியும். மறுத்ததில்லை. மறுத்தால் அடுத்த கேள்வி வரும்.

“இல்லைங்க. அவர் வீட்டுக்கு நாலு தடவை போனேன். மொத ரெண்டு தடவை அவரால பேசவே முடியல. என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதார்.”

“உங்க காலையா? எதுக்கு?”

அவர் கைக்குட்டையை எடுத்தார். துடைக்க ஒன்றுமில்லை, மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.

“அந்தக் குழந்தை என் பொண்ணு.”

சட்டப் பேராசிரியர் மதிப்பெண் தாளை மெல்லக் கவிழ்த்து வைத்தார். ஆய்வேட்டை வீட்டில் படித்துவிட்டார்களா என்று இலக்கியப் பேராசிரியர் கேட்டார்.

“அவ அம்மா இன்னும் தினமும் அந்த மனுஷனைத் திட்டறா. திட்டி முடிச்சாத்தான் ஒரு வாய் சாப்பாடு இறங்குது” என்றார் கண்ணாடிக்காரர். “இதை எப்படிங்க அவகிட்ட கொடுக்கறது?”